உதறும் எஞ்சினும் கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டும்

செகண்ட் ஹேண்டில் பெட்ரோல் கார் வாங்கிய ஒருவர், சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறுகிறது, மைலேஜும் சரியில்லை என்று பட்டறையில் போய் நின்றால், பானட்டைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். "ப்ளக்கை மாத்திருவோம் சார், ஏர் ஃபில்டர் போட்டுருவோம், த்ராட்டில் பாடி க்ளீன் பண்ணிட்டா வண்டி பூ மாதிரி ஓடும்." ஓடாது. அல்லது பத்து நாள் ஓடும். அடுத்த தடவை இக்னிஷன் காயில், அதற்கடுத்து ஆக்சிஜன் சென்சார், பிறகு ஃப்யூல் பம்ப்... கடைசியில் "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்ற தீர்ப்போடு கேஸ் முடிந்துவிடும். கடன் வாங்கி முதல் கார் எடுத்த குடும்பம் மூன்று மாதத்தில் அதை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு மறுபடி பைக்குக்குத் திரும்பும்.

இதில் மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. கார்புரேட்டர் காலத்தில் காதால் கேட்டு, ஒரு ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் ஐடிலிங் சரியாகிவிடும். அந்தக் கை வேலைக்கு மரியாதை இருந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் மாருதி 800-க்கே எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டது. திருப்ப ஸ்க்ரூ இல்லை, பழக்கம் மட்டும் மிச்சம். இன்னொரு பக்கம், இரண்டாயிரம் ரூபாய் சென்சாருக்கு வாய் திறக்காமல் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர், "ஒரு மணி நேரம் செக் பண்ணினேன், ஐநூறு கொடுங்க" என்றால் "சும்மா பார்த்ததுக்கு ஐநூறா?" என்று சண்டைக்குப் போகிறார். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை, மாற்றுவதற்குத்தான் கூலி என்றால் எந்த மெக்கானிக்கும் மாற்றத்தான் செய்வார்.

முதலில் மைலேஜ் நிஜமாகவே குறைவா என்பதையே பாதிப் பேர் பார்ப்பதில்லை. விளம்பரத்தில் வரும் ஏ.ஆர்.ஏ.ஐ. கணக்கு ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்தது, அதை ஊர்ச் சாலையில் எதிர்பார்ப்பது வீண். டேங்க்கை ஃபுல் செய்து, 200 அல்லது 300 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி ஃபுல் செய்து வகுத்துப் பார்க்க வேண்டும், அதுவும் இரண்டு மூன்று தடவை. பழைய ஓனர் ஆசைக்குப் பெரிய டயர் போட்டிருந்தால் அந்தக் கணக்கும் தப்பும். டயரின் சுற்றளவு 5 சதவீதம் கூடினால், உண்மையில் 15.75 கொடுக்கும் வண்டி ஓடோமீட்டர் கணக்கில் 15 என்றுதான் காட்டும்.

இப்போது எல்லாப் பழியும் எத்தனால் மேல் விழுகிறது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 20 சதவீதம் கலந்தால், கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட 6, 7 சதவீதம் மைலேஜ் விழலாம். அதாவது 15 கொடுத்த வண்டி 14 கொடுக்கும். 10 கொடுத்தால் குற்றவாளி வேறு யாரோ.

உதறலுக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு. மூன்று சிலிண்டர் எஞ்சின் பிறவியிலேயே கொஞ்சம் ஆடும். எஞ்சின் மவுண்டின் ரப்பர் கெட்டிருந்தால் இன்னும் ஆடும், எரிபொருளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆர்.பி.எம். முள் ஆடாமல் ஸ்டீயரிங் மட்டும் நடுங்கினால் ப்ளக்கைத் தொடுவதற்கு முன் மவுண்டைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

உதறல், மைலேஜ் இரண்டும் சேர்ந்தே கெட்டிருந்தால்? சந்தேகப்பட வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது, பலர் நினைத்தே பார்க்காதது: தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகும் வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைக்கும் சின்ன வால்வு. 80-க்கு மேல் சில டிகிரி போன பிறகுதான் திறக்கும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று இதைக் கழற்றி எறிவது இங்கே பல பட்டறைகளில் ஒரு சம்பிரதாயம். இதைவிடத் தப்பான வேலை கிடையாது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின், குறிப்பாக ஹைவேயில் காற்று அடிக்கும்போது, உரிய சூட்டுக்கு வருவதே இல்லை. கூலண்ட் சென்சார் "இன்னும் ஆறியே கிடக்கிறேன்" என்று ஈ.சி.யூ.விடம் சொல்ல, அது குளிர்ந்த எஞ்சினுக்குக் கொடுப்பதுபோலக் கூடுதல் பெட்ரோலை ஊற்றி, ஐடிலிங்கையும் உயர்த்தி வைக்கிறது. ப்ளக்கில் கரி படிகிறது. பிறகு உதறாமல் என்ன செய்யும்?

அடையாளம் சுலபம். எந்தக் காரும் ஊருக்குள் குறைவாகவும் ஹைவேயில் அதிகமாகவும் மைலேஜ் கொடுக்கும். ஹைவேயிலும் மைலேஜ் ஏறவில்லை, டெம்பரேச்சர் முள் கீழேயே கிடக்கிறது என்றால் சந்தேகம் பாதி உறுதி. (சில கார்களில் முள்ளுக்குப் பதில் நீல விளக்கு; அது அணைய வெகுநேரம் எடுக்கும், அல்லது அணைந்து அணைந்து எரியும்.) வெயிலுக்கு நல்லது என்ற வாதமும் நிற்காது. சூடேறினால் தெர்மோஸ்டாட் தானாகவே முழுக்கத் திறந்துவிடும். சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால் கூலண்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியே திரும்பி வந்து, ட்ராஃபிக்கில் ஓவர்ஹீட்டே ஆகும்!

இன்னொரு விஷயமும் இருக்கிறது. யாரோ ஏன் கழற்றினார்கள்? வண்டி எப்போதோ ஓவர்ஹீட் ஆகியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் பதில். ரேடியேட்டர் அடைப்போ, ஃபேன் ஓடாததோ, அதைச் சரிசெய்யாமல் குறுக்குவழி பிடித்திருக்கிறார்கள். அப்படியானால் ஹெட் கேஸ்கெட்டும் கம்ப்ரஷனும் எப்படி இருக்கின்றன என்று பார்த்தே ஆக வேண்டும். கூலண்ட் பாட்டிலில் பச்சைக்கோ சிவப்புக்கோ பதில் துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பி.எஸ். 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓ.பி.டி. 2 கட்டாயம். மலிவான ப்ளூடூத் அடாப்டரைச் செருகினால் கூலண்ட் சூடு போனிலேயே தெரியும், பி0128 என்ற கோடு வந்தால் அது நேராகத் தெர்மோஸ்டாட்டைத்தான் கைகாட்டுகிறது. ஆனால் கோடு என்பது தீர்ப்பு இல்லை. கலவையில் பெட்ரோல் குறைவு என்னும் பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது, கெட்ட சேதி கொண்டுவந்த தபால்காரரை வேலையை விட்டுத் தூக்குவது போல.

ஃப்யூல் ட்ரிம் பார்க்கத் தெரிந்தவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து, வேக்குவம் லீக் என்றால் ஐடிலில் ட்ரிம் 15, 20 என்று ஏறும் என்று நம்புகிறார்கள். காற்றை நேரடியாக அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் கார்களுக்கு அது பொருந்தும். இங்கே ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலும் இருப்பது மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் எம்.ஏ.பி. சென்சார். திருட்டுத்தனமாக நுழையும் காற்றும் அந்த அழுத்தத்தைக் கூட்டுவதால் ஈ.சி.யூ. அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விடும். ட்ரிம் சாதாரணமாக இருக்க, ஐடிலிங் மட்டும் உயர்ந்து நிற்கும். சூடான எஞ்சின் 700-900-க்குப் பதில் 1200-ல் நின்றால் ரப்பர் ஹோஸ்களைத்தான் முதலில் தடவிப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு சிலிண்டர்தான் படுத்திருக்கிறது என்றால் காசே செலவில்லை. ஐடிலில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் ஆள். (காயிலைக் கழற்றிப் பார்ப்பது தப்பு, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போகும்.) அந்த ப்ளக்கையும் காயிலையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டால், கோளாறும் கூடவே நகர்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நகரவில்லையென்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன், வால்வு கிளியரன்ஸ். புதுப் ப்ளக் வாங்கும் அவசியமே இல்லை.

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவது, டயரில் காற்றுக் குறைவு, க்ளட்ச் நழுவல் எல்லாம் மைலேஜைத் தின்னும், உதறலை உண்டாக்காது.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. விற்பவர்கள் பலரும் ஆள் வருவதற்கு முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்துவிடுவார்கள். போனதும் பானட்டில் கை வைத்து, சூடாக இருந்தால் "நாளைக்குக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வருவது நல்லது. காலையில் முதல் ஸ்டார்ட், பத்து நிமிட ஓட்டம், அதற்குள் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வருகிறதா என்பது.