75 ரூபாயைவிடச் சிறிய 200

2025 மார்ச்சில் நாடாளுமன்ற விவகார அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எம்.பி.க்களின் மாதச் சம்பளம் 1 லட்ச ரூபாயிலிருந்து 1.24 லட்சமாக உயர்ந்தது. முன்னாள் எம்.பி.க்களின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆனது. அதுவும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு. இதற்காக அவையில் விவாதமோ வாக்கெடுப்போ நடக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை விலைவாசிக் குறியீட்டை ஒட்டித் தானாகவே உயரும்படி 2018இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இதில் பெரிதாகக் குற்றம் காண முடியாது. தங்கள் சம்பளத்துக்குத் தாங்களே கை தூக்குவதைவிட இது கௌரவமான ஏற்பாடு.

ஓய்வூதியம் என்ற அதே சொல்லால் மத்திய அரசு இன்னொரு தொகையையும் குறிப்பிடுகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் 60 வயது கடந்த முதியவருக்கு மாதம் 200 ரூபாய். எந்தக் குறியீட்டோடும் அது இணைக்கப்படவில்லை.

1995 ஆகஸ்ட் 15இல், நரசிம்ம ராவ் பிரதமராக இருந்தபோது, தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கியது. ஆதரவற்ற முதியோருக்கு அன்று மத்திய அரசின் பங்கு 75 ரூபாய். 2006இல் அது 200 ஆயிற்று. 2011இல் வயது வரம்பு 65லிருந்து 60ஆகக் குறைந்தது. 80 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் 500 ரூபாய் என்றார்கள். 2012இல் விதவைகளுக்கும் கடுமையாக ஊனமுற்றவர்களுக்கும் 300 ரூபாய் ஆனது. அதோடு நின்றுவிட்டது. ஆட்சி மாறியது, நிதியமைச்சர்கள் மாறினார்கள், 2025-26 பட்ஜெட்டும் அந்த 200ஐத் தொடவில்லை.

தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு விநோதம் தெரியும். 1995இல் கொடுத்த 75 ரூபாய் விலைவாசியோடு சேர்ந்து வளர்ந்திருந்தால் 2025இல் அது 450 ரூபாயைத் தாண்டியிருக்க வேண்டும். அதாவது இந்த 200 ரூபாய், திட்டம் தொடங்கிய நாளில் கொடுத்த தொகையில் பாதிகூடப் பெறாது. எந்த அரசும் ஓய்வூதியத்தை வெட்டியதாக அறிவிக்கவில்லை. சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான். வெட்டு தானாக நடந்தது.

பட்ஜெட் புத்தகமும் இதையே சொல்கிறது. 2014-15இல் மத்திய அரசின் மொத்தச் செலவு சுமார் 18 லட்சம் கோடி. இந்தத் திட்டத்துக்குப் பத்தாயிரம் கோடிக்குச் சற்று மேல். 2025-26இல் மொத்தச் செலவு 50 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. திட்டத்துக்கு 9,652 கோடி. நூறு ரூபாயில் ஐம்பது காசுக்கு மேல் இருந்தது, இருபது காசுக்கும் கீழே போய்விட்டது.

தொகை மட்டுமல்ல, எண்ணிக்கையும் உறைந்துதான் கிடக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்ற ஒதுக்கீடு 2001 மக்கள்தொகைக் கணக்கையும் 2004-05ஆம் ஆண்டின் வறுமை விகிதத்தையும் வைத்துப் போடப்பட்டது. பட்டியல் நிரம்பிய இடங்களில் ஒருவர் இறந்தால்தான் அடுத்தவருக்கு இடம். விதவை ஓய்வூதியத்தில் இன்னொரு விசித்திரம்: 40 வயது ஆகியிருக்க வேண்டும். 32 வயதில், இரண்டு சிறு பிள்ளைகளோடு கணவனை இழந்தவளுக்கு மத்திய அரசு தருவது குடும்ப நல உதவியாக ஒரே ஒரு முறை 20,000 ரூபாய். அதற்குப் பிறகு எட்டு வருடம் அவள் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் வருடங்கள் அவை.

'எங்களுடையது ஒரு பங்குதான், மீதியை மாநிலங்கள் போடட்டும்' என்பது டில்லியின் வாதம். போடத்தான் செய்கின்றன. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாய் ஆனது. ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் 4,000. ஆனால் பீகாரில் 2025 ஜூன் வரை மொத்தமே 400 ரூபாய்தான். சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது 1,100ஆக உயர்த்துவதாக நிதிஷ்குமார் அறிவித்தார். கையில் காசுள்ள மாநிலத்தில் முதுமை அடைந்தால் ஒரு தொகை, இல்லாத மாநிலத்தில் வேறு தொகை. நடுவில் தேர்தல் வந்தால் அதிர்ஷ்டம். இந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யத்தானே மத்திய அரசின் பணம்?

இலவச அரிசி தருகிறோமே என்பார்கள். தருகிறார்கள், நல்ல காரியம்தான். ஆனால் ரத்த அழுத்த மாத்திரையை அரிசி கொடுத்து வாங்க முடியாது. பேருந்துக் கண்டக்டரும் அரிசி வாங்கிக்கொள்ள மாட்டார்.

தொகையை 500 ரூபாயாவது ஆக்குங்கள் என்று 2017 டிசம்பரில் ழான் திரேஸ் உள்ளிட்ட 60 பொருளாதார நிபுணர்கள் அருண் ஜேட்லிக்கு எழுதினார்கள். 2018இல் மறுபடி எழுதினார்கள். 2022இல் நிர்மலா சீதாராமனுக்கும் ஒரு கடிதம் போயிற்று. ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டது. மத்திய அரசின் பட்டியலில் உள்ள முதியோர் ஏறத்தாழ 2.2 கோடிப் பேர். அத்தனை பேருக்கும் 500 கொடுத்தால் கூடுதல் செலவு வருடத்துக்கு 8,000 கோடியைத் தாண்டாது. 2025-26 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி இல்லை என்று அறிவித்தபோது, அதனால் அரசு விட்டுக்கொடுக்கும் வருவாய் சுமார் 1 லட்சம் கோடி என்று நிதியமைச்சரே சொன்னார். நடுத்தர வர்க்கத்துக்குப் பத்திரிகை உண்டு, தொலைக்காட்சி உண்டு, சத்தம் போடத் தெரியும். பஞ்சாயத்து அலுவலக வாசலில் கைரேகை வைக்கக் காத்திருக்கும் கிழவிக்கு என்ன உண்டு?

இருக்கிற கொஞ்சப் பணத்துக்கும் காவல் இல்லை. இந்தத் திட்டத்தின் நிதியிலிருந்து 2.83 கோடியை எடுத்து, 2017இல் வேறு திட்டங்களுக்கான விளம்பரப் பலகைகளுக்கு ஊரக வளர்ச்சி அமைச்சகம் செலவிட்டதைத் தலைமைத் தணிக்கை அதிகாரி 2023இல் வந்த அறிக்கையில் சுட்டிக்காட்டினார்.

பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை என்றும் சொல்ல முடியாது. 2020இல் ஊரடங்கின்போது இதே பட்டியலை வைத்துக்கொண்டு தலைக்கு 1,000 ரூபாய், இரண்டு தவணையாக, அனுப்பியிருக்கிறார்கள். விலைவாசியோடு இணைப்பதற்கும் புதிதாக யோசிக்க எதுவும் இல்லை, எம்.பி.க்களுக்காக 2018இல் எழுதிய விதி கையில் இருக்கிறது. அந்த விதிப்படி அவர்களுக்கு அடுத்த உயர்வு 2028 ஏப்ரலில்.