பிளேட் மேல் பழி போடாதீர்கள்

சிக்னலில் கிளட்ச்சை முழுக்கப் பிடித்தும் வண்டி முன்னால் ஊர்கிறது. நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது. முதல் கியர் போட்டால் 'டங்'கென்று ஒரு குதி குதிக்கிறது. இதைச் சொன்னால் போதும், ஒர்க்‌ஷாப்பிலும் பக்கத்து வீட்டிலும் ஒரே பதில்தான்: "கிளட்ச் பிளேட் போச்சு, மாத்திடுங்க."

தலைகீழான தீர்ப்பு இது. பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். ஆக்சிலேட்டரை முறுக்க இன்ஜின் அலறும், வண்டி போகாது. மேம்பாலம் ஏறும்போது கருகல் வாடை அடிக்கும். பிளேட்டுகள் மெலிந்ததால் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்துபோன நிலை அது. பிடிக்கவே தெம்பில்லாத பிளேட், விடமாட்டேன் என்று எப்படி ஒட்டிக்கொள்ளும்?

கிளட்ச் ஃப்ரீ ஆகவில்லை என்றால், லீவரில் நீங்கள் இழுக்கும் இழுப்பு உள்ளே முழுதாகப் போய்ச் சேரவில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். நம் சாலைகளில் ஓடும் 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் பிளே, அதாவது தொய்வு, இருக்க வேண்டும். கேபிள் நீண்டுபோனால், உள்ளே இழை அறுந்தால், லீவர் போல்ட்டின் துளை அகன்றால் இந்தப் பிளே கூடிவிடும். கையிழுப்பில் பாதி அந்தத் தொய்வை எடுப்பதிலேயே போய்விடும். மிச்சம் பிளேட்டுகளைப் பிரிக்கப் பற்றாது. லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரைத் திருப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிளேயே இல்லாமல் முறுக்கிவிடவும் கூடாது. அப்படி முறுக்கினால் கிளட்ச் வழுக்கி, நல்ல பிளேட்டும் கருகும்.

கேபிள் சரியாக இருந்தும் ஃப்ரீ ஆகாவிட்டால், தேயும் பிளேட்டுகளுக்கு இடையே உள்ள ஸ்டீல் பிளேட் சூட்டில் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிமேல் வைத்தால் வளைவு தெரிந்துவிடும். பிளேட்டுகள் உட்காரும் ஹவுசிங்கின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கலாம். அந்த ஹவுசிங்கில் புதுப் பிளேட்டை மாட்டினாலும் அதே பள்ளத்தில்தான் போய்ச் சிக்கும்.

பிறகு ஏன் பிளேட் மாற்றியதும் சரியாகிறது? பிளேட் மாற்றுபவர் ஆயிலையும் மாற்றுகிறார், கேபிளையும் டைட் வைக்கிறார். வேலை செய்தது அட்ஜஸ்டர். பேர் வாங்குவது பிளேட். இரண்டு முறை பிளேட்டுக்குக் காசு கொடுத்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது. மூன்றாம் முறை, கழற்றிய பிளேட்டை வெர்னியரில் அளந்தோம். தேய்மானமே இல்லை. கேபிளின் இழைகள் பாதி அறுந்திருந்தன.

அன்றாடக் கூலிக்கு வண்டி ஓட்டுபவரின் பணம் இப்படிப் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை யாராவது "பிளேட் போச்சு" என்றால், வழுக்குகிறதா, ஒட்டுகிறதா என்று கேளுங்கள். கேஸைத் திறக்கும் முன் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிவிட்டால் பிளேட்டை உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். அளவு இருந்தால் அதே பிளேட் திரும்ப உள்ளே போகட்டும்.