ஊசியும் பிள்ளைகளின் நம்பிக்கையும்

"சாப்பிட மறுத்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டுவிடுவேன்" என்று மிரட்டாத வீடுகள் நம்மில் எத்தனை? அதே பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் சொத்தையானதும், "ஊசியெல்லாம் கிடையாது, சும்மா பார்ப்பார்கள்" என்று சமாதானம் சொல்லி அழைத்துச் செல்கிறோம். நாற்காலியில் படுத்தபின் ஊசியைக் கண்ட பிள்ளை, அடுத்த முறை மருத்துவரையும் நம்பாது, நம்மையும் நம்பாது.

ஒன்று தருவதாகச் சொல்லி மகனை அழைத்த தாயிடம், என்ன தர எண்ணினீர் என நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அப்பெண்மணி. எதுவும் கொடுக்காதிருந்தால் அது பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் உணர்த்திய செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. பல் மருத்துவமனை வாசலில் மட்டும் இதற்கு நாம் விலக்கு அளித்துக்கொள்கிறோம் போலும்!

உண்மையை மென்மையாகச் சொல்லலாம்: "பல்லைத் தூங்கவைக்க மருந்து போடுவார்கள், கிள்ளுவதுபோல் சற்றுநேரம் இருக்கும், தாங்க முடியாவிட்டால் இடக்கையை உயர்த்து, நிறுத்துவார்கள்." கை உயர்த்தினால் நிறுத்துவதற்கு மருத்துவரின் சம்மதத்தை முன்னரே பெற்றுவிட வேண்டும், இல்லையேல் அதுவும் பொய்யாகிவிடும்.

வலியைக் குறைக்கும் வழிகளும் உள்ளன. ஈறைத் துடைத்து உலர்த்தி, மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவி, ஓரிரு நிமிடங்கள் காத்திருந்தால் ஊசி நுழைவது அவ்வளவாகத் தெரியாது. மருந்தை வேகமாகச் செலுத்தினால் திசு இறுகி வலிக்கும். நிமிடத்துக்கு 1 மில்லி அளவில் மெதுவாகச் செலுத்தினால், 1.8 மில்லி கொண்ட ஒரு குப்பிக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் ஆகும். கூட்டம் நிரம்பிய கிளினிக்கில் இந்த இரண்டு நிமிடம்தான் முதலில் பறிபோகிறது. "மெதுவாகப் போடுங்கள் டாக்டர்" என்று கேட்க நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. பிள்ளையின் எடையையும் தெரிவிக்க வேண்டும். மருந்தின் உச்ச அளவு எடையைப் பொறுத்தே கணக்கிடப்படுகிறது.

வீடு திரும்பியபின் ஒரு கவனம் தேவை. உதடும் கன்னமும் சில மணி நேரம் மரத்தே இருக்கும். விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் பலர். உணர்வு திரும்பும்வரை பிஸ்கட், முறுக்கு எதையும் மெல்லக் கொடுக்காமல், அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.