சோம்பேறி என்று சொல்லாதீர்கள்!

"ஏண்டி, நாள் பூரா ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கே? எழுந்து நாலு தெரு நடந்துட்டு வாயேன்!" காலேஜ் வயதுப் பெண் இருக்கிற வீட்டில் இந்தக் குரல் கேட்காத நாள் உண்டா? பெண்ணுக்கு ஆட்டிசம் இருந்துவிட்டாலோ, குரல் இன்னும் சற்று உயரும். "எத்தனை சொன்னாலும் ஏறலையே, சுத்த சோம்பேறி!" என்று அலுத்துக்கொள்வோம்.

சகோதரிகளே, அவசரப்பட்டு அந்தப் பெயரை வைத்துவிடாதீர்கள். 1943-ல் லியோ கானர் என்ற டாக்டர் விவரித்து எழுதிய ஆட்டிசம், மூளை வளர்கிற விதத்திலேயே அமைந்த ஒரு வேறுபாடு. வயதானால் போய்விடுவதில்லை. கல்யாணமாகி, குழந்தையும் பிறந்த பிறகே தமக்கு இது இருப்பதை அறிகிற பெண்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் இதைத் தங்களுக்காகவே படிக்கலாம்.

ஆசை இருந்தும் ஆரம்பிக்க முடியாமல் தவிப்பது இவர்களில் பலருக்கு உள்ள சங்கடம். "நடந்துவிட்டு வா" என்பது நமக்கு ஒரே வேலை. அவர்களுக்கோ அது பல வேலை. கையிலுள்ளதை நிறுத்த வேண்டும், உடை மாற்ற வேண்டும், எந்தத் தெரு என்று தீர்மானிக்க வேண்டும், எதிர்ப்படுகிற மாமி பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டும். இத்துடன் ஹாரன் சத்தம், கண் கூசும் வெயில், வியர்வையில் ஒட்டும் துணி. நாம் பொருட்படுத்தாத இவை சிலருக்குத் தாங்க முடியாத வேதனை. திட்டினால் இது தீருமா? நடை என்றாலே வெறுப்புத்தான் மிஞ்சும்.

சரி, என்ன செய்யலாம்?

தினமும் ஒரே நேரம், ஒரே வழி என்று வையுங்கள். உற்சாகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காலைக் காப்பி குடித்து டம்ளரை வைத்ததும் நடை என்று பழகிவிட்டால், தினமும் புதிதாக முடிவு செய்கிற பாரம் குறையும்.

உடையையும் செருப்பையும் முதல் நாள் இரவே எடுத்து வைக்கலாம். செய்ய வேண்டியதை வரிசையாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். கழுத்தில் உறுத்தும் லேபிளை வெட்டிவிடுங்கள். தெருச் சத்தம் ஒத்துக்கொள்ளாவிட்டால் மொட்டை மாடி இருக்கவே இருக்கிறது.

அவளுக்குப் பிடித்ததைக் கூட்டுச் சேருங்கள். ரயில் பிடிக்குமா? ஸ்டேஷன் வரை நடக்கட்டும். பறவை பிடிக்குமா? எண்ணிக்கொண்டே வரட்டும். கூட்டமான வகுப்பைவிட ஸ்கிப்பிங், ஊஞ்சல், நீச்சல் சிலருக்கு ஒத்துப்போகும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வலிப்பு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் நீச்சல் வேண்டாம். தண்ணீரில் தனியே விடவும் கூடாது.

தாகமும் களைப்பும் சிலருக்குச் சட்டென்று உறைப்பதில்லை. ஆகவே கடிகாரம் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள், கடிகாரம் பார்த்தே நிறுத்தச் சொல்லுங்கள்.

மழையோ விருந்தாளியோ வந்து வழக்கம் குலைந்தால், "எல்லாம் போச்சு" என்று மொத்தத்தையுமே விட்டுவிடுவது உண்டு. அந்த நாளுக்கென்று கூடத்திலேயே ஐந்து நிமிஷம் செய்யக்கூடிய ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியது. மலைத்துவிடாதீர்கள்! ஒன்றுமே செய்யாததற்குக் கொஞ்சம் செய்வது மேல் என்றும் அதே நிறுவனம்தான் சொல்கிறது. ஐந்து நிமிஷத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். உடம்பு அசந்தால் தூக்கமும் நன்றாகப் பிடிக்கும், மனப் பதற்றமும் தணியும்.

இன்னொன்று. "உனக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று அவளையே கேளுங்கள். பேச்சு வராவிட்டால் எழுதிக் காட்டட்டும், கையால் காட்டட்டும். செருப்பின் வார் உறுத்துகிறது என்பதுதான் இத்தனை நாள் முரண்டுக்குக் காரணமாக இருந்தாலும் இருக்கும். கேட்டுத்தான் பாருங்களேன்!