கால்வெஸ்டன் கடலும் "முட்டளவு தண்ணி" வீரர்களும்

மக்களே, இது அட்வைஸ் இல்லை. சண்டை. அதுவும் சீனியர்களோட சண்டை.

ஹூஸ்டனுக்குப் படிக்க வர்ற நம்ம ஊர்ப் பசங்களுக்கு கால்வெஸ்டன் பீச் ஒரு சம்பிரதாயம். ஆகஸ்ட்ல புது பேட்ச் வந்து இறங்கும். செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே, மூணு நாள் லீவு. சீனியரோட பழைய கார்ல அஞ்சு பேர், பிரியாணி டப்பா, கிரிக்கெட் மட்டை, ஐஸ் பெட்டி. 80 கிலோமீட்டர் போனா கடல். கார்ல எல்லாம் இருக்கும். அந்த அஞ்சு பேர்ல எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்னு மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

கரையில சிவப்புக் கொடி பறக்கும். "அதெல்லாம் வெள்ளைக்காரன் பயம் மச்சி, நாங்க மெரினாவையே பார்த்தவங்க" என்று ஒரு குரல் வரும். அய்யா, மெரினாவிலேயே குளிக்கக் கூடாதுன்னு போலீஸ் தடுக்குது. அதையும் மீறி இறங்கி வருஷா வருஷம் பசங்க சாகறாங்க. இதுவா உங்க தகுதிச் சான்றிதழ்?

அடுத்த சமாதானம், "முட்டளவு தண்ணி தானே". கால்வெஸ்டன் தரை சமமா இல்லை. மணல் திட்டு, பக்கத்திலேயே பள்ளம், மறுபடி திட்டு. ஒரு அலை தள்ளினா முட்டளவு கழுத்தளவு ஆகிடும். தண்ணி கலங்கி பழுப்பா இருக்கறதால பள்ளம் கண்ணுக்கும் தெரியாது.

மூணாவது, "எனக்கு நீச்சல் தெரியும்". சரி, கணக்கு பார்ப்போம். ரிப் கரண்ட் என்பது கரைக்கு வந்த தண்ணி ஒரு குறுகலான பாதையில கடலுக்குத் திரும்பற ஓட்டம். வேகமா ஓடும்போது வினாடிக்கு 8 அடி, அதாவது சுமார் 2.4 மீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டரை 46.40 வினாடியில் நீந்தி உலக சாதனை செய்தார். அது வினாடிக்கு 2.16 மீட்டர் தான். உலக சாம்பியனே எதிர்த்து ஜெயிக்க முடியாத ஓட்டத்தை, அண்ணா நகர் நீச்சல் குளத்துல ஒரு கோடை லீவுல கத்துக்கிட்ட நீங்க ஜெயிக்கப் போறீங்க!

இத்தனைக்கும் அது ஆளை அடியில இழுக்கறது இல்லை, வெளியே தான் இழுக்கும். கரையை நோக்கி முட்டி மோதி களைச்சுப் போறவன் தான் முழுகறான். மிதங்க, கத்துங்க, கையை ஆட்டுங்க. முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியே வந்து, அப்புறம் திரும்புங்க. நண்பன் மாட்டினா பின்னாடியே குதிக்காதீங்க. மிதக்கிற ஏதாவது ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டு 911 அடிங்க. ஒருத்தனைக் காப்பாத்தப் போய் ரெண்டு மூணு பேர் சேர்ந்து போன கதை எல்லாக் கடற்கரையிலும் உண்டு.

1900 புயல்ல ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவங்க செத்த பிறகு தான் அங்கே கடல் சுவர் கட்டினாங்க. அதை ஒட்டி கடலுக்குள்ள நீட்டியிருக்கும் கல் வரிசைகள், நம்ம ஊர் தூண்டில் வளைவு மாதிரி, ரிப் கரண்டுக்குப் பிடிச்ச இடம். போட்டோவுக்காக நாம போய் நிக்கறதும் அங்கே தான். தீவின் மேற்குக் கோடியில் சான் லூயிஸ் பாஸ். கடலும் வளைகுடாவும் சந்திக்கும் அந்த வாயில தண்ணியில இறங்கவே தடை. "கூட்டமே இல்லை, சூப்பர் ஸ்பாட்" என்று கூட்டிட்டுப் போறவருக்கு ஏன் கூட்டம் இல்லைன்னு யோசிக்கத் தோணாதா?

"அப்போ வீட்லயே உட்காரச் சொல்றியா?" இல்லை. டெக்சாஸ்ல 1959லேயே சட்டம் போட்டு பீச்சை பொதுமக்களுக்குத் திறந்து வெச்சிருக்காங்க. தாராளமா போங்க. லைஃப்கார்ட் கோபுரம் இருக்கற இடத்துல இறங்குங்க. பச்சைக் கொடின்னா அமைதி, ஆனா ஆபத்தே இல்லைன்னு அர்த்தம் இல்லை. மஞ்சள்னா ஜாக்கிரதை, சிவப்புன்னா நீச்சல் தெரியாதவன் மணலோட நிறுத்திக்கணும், ஊதான்னா ஜெல்லிமீன் வகையறா. திருக்கை மீனை மிதிக்காம இருக்க காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சு நடங்க. உடம்புல ஆறாத காயம் இருந்தா இறங்காதீங்க, வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில விப்ரியோ பாக்டீரியா இருக்கும். இதெல்லாம் தெரிஞ்சுக்க அஞ்சு நிமிஷம் ஆகுமா?

சீனியர்களே, ஜூனியருக்கு பேங்க் அக்கவுண்ட் திறந்து கொடுக்கறீங்க, எந்த புரொபசர் கடுப்பு பேர்வழின்னு சொல்லிக் கொடுக்கறீங்க. கார் கிளம்பறதுக்கு முன்னாடி "யாருக்கெல்லாம் நீச்சல் தெரியாது?" என்று ஒரு கேள்வி கேளுங்க. கை தூக்கினவனைக் கிண்டல் பண்ணாதீங்க. அவன் வீட்டில் கல்விக்கடன் மட்டும் தான் பாக்கின்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு ஞாயிறும் போனுக்காகக் காத்திருக்கற அம்மாவும் இருக்காங்க. நீங்க நம்பிக்கை கொடுத்ததால தான் அவன் தண்ணியில இறங்கறான். பொறுப்பும் உங்களுது தான்.