இல்லத்தரசிக்குச் சம்பளம் இல்லை... இழப்பீடு உண்டு!

காய்கறி வாங்கப் போன பெண் மீது கார் மோதிவிடுகிறது. மருத்துவமனை வராந்தாவிலேயே பேச்சுவார்த்தை ஆரம்பமாகிவிடும். ‘‘ஆஸ்பத்திரி செலவைப் பார்த்துக்குறோம், மேல ஏதாவது தர்றோம். கேஸ் எல்லாம் எதுக்கு? அவங்க வீட்லதானே இருக்காங்க...’’ என்பார் கார்க்காரர் தரப்பில் வந்தவர். பல நேரங்களில் பெண்ணின் வீட்டாரே இதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. டெல்லியில் 2014-ல் பைக்கில் சென்ற தம்பதி மீது கார் மோதி, இருவரும் இறந்துபோனார்கள். மனைவி இல்லத்தரசி. இந்த வழக்கில் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இல்லத்தரசியின் உழைப்புக்கும் ஒரு வருமானத்தை நிர்ணயிக்க வேண்டும், அது பிற்காலத்தில் உயரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. உயர் நீதிமன்றம் கொடுத்த 22 லட்ச ரூபாய் இழப்பீடு 33.20 லட்சமானது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகச் சொல்லும் அரசுக் கணக்கெடுப்பையும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. வீட்டில் ‘சும்மா’ இருப்பவரின் 5 மணி நேரம்!

கணக்கு எப்படிப் போகும்? 38 வயதுப் பெண் விபத்தில் இறந்துவிட்டார். கணவர், இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 10,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், எதிர்கால உயர்வு 40 சதவிகிதம் சேர்ந்து 14,000. அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். மீதியை 12 மாதத்தாலும், பிறகு அந்த வயதுக்கான 15 என்ற எண்ணாலும் பெருக்கினால், 16 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ஈமச்சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை எல்லாம் தனி. காயம் என்றால், நிரந்தர ஊனத்தால் வேலை செய்யும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். உதவிக்கு வைத்த ஆளுக்குக் கொடுத்த பணத்தையும் கேட்கலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

‘பாவம், அந்தப் பையன் இவ்வளவு பணத்துக்கு எங்கே போவான்?’ என்று இரக்கப்படுபவர்களும் உண்டு. காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருந்தால், பொதுவாகப் பணம் கட்டுவது இன்ஷூரன்ஸ் நிறுவனம்தான். பேசி முடிக்க ஓட்டியவர் அவசரப்படுவது பெரும்பாலும் போலீஸ் வழக்குக்குப் பயந்து. எனவே எஃப்.ஐ.ஆர். பதிவாகாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

அடுத்தது, காலக்கெடு. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்பது விதி. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன என்றாலும், அதை நம்பிக் காலம் கடத்துவது ஆபத்து. விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். சென்னையில் இந்த வழக்குகள் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கின்றன.

யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே, இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கவும் வழி உண்டு. ஆனால், அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் கூடுதல் இழப்பீடு கேட்கும் மனு காலாவதியாகிவிடும். முதலில் கிடைப்பதை வாங்கிக்கொள்வோம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மோதிய வண்டி நிற்காமல் போய், அடையாளமும் தெரியவில்லை என்றால், இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து ஒதுங்கவும் தேவையில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். லோக் அதாலத்தில் சமரசம் பேசினால் சீக்கிரம் பணம் கிடைக்கும். அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், மேலே உள்ள கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.