முக்கினால் மட்டும் போதாது

மாலையில் கடற்கரைச் சாலையில் எங்கள் கூட்டம் சேர்ந்தால் சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி எல்லாவற்றையும் பேசுவோம். காலையில் கழிப்பறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வியர்த்துப்போய் வருவதை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. நானும் ஆறு வருடம் சொல்லவில்லை. அது தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

இசப்கோல், கடுக்காய்ப் பொடி, விளக்கெண்ணெய், இரவில் மாத்திரை என்று எல்லாம் பார்த்தாயிற்று. மலம் இளகியதே தவிர வெளியே வரவில்லை. போய் வந்த பிறகும் பாதி உள்ளே நிற்பது போலவே இருக்கும். கேட்ட இடத்திலெல்லாம், “வயசாயிடுச்சி, தண்ணி நிறைய குடிங்க” என்றார்கள். கொலோனோஸ்கோபியிலும் கோளாறு எதுவும் தெரியவில்லை.

கடைசியாகப் பார்த்த குடல் மருத்துவர் கையுறை போட்டு, ஆசனவாயில் விரல் வைத்து, “முக்குங்க” என்றார். முக்கினேன். “தளர வேண்டிய நேரத்துல தசையை இறுக்குறீங்க ஐயா” என்றார். விஷயம் அவ்வளவுதான். மலம் கழிக்கும்போது வயிறு அழுத்த வேண்டும், இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர வேண்டும். சிலருக்கு அவை தளராமல் இறுகிக்கொள்கின்றன. கதவைப் பூட்டிவிட்டு உள்ளிருந்து தள்ளுவது போல! பேதி மருந்து மட்டும் அந்தப் பூட்டைத் திறக்காது.

இதை உறுதி செய்ய, மெல்லிய குழாய் வைத்து அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி என்ற சோதனை உண்டு. இன்னொன்றில் 50 மில்லி தண்ணீர் நிரப்பிய சிறு பலூனை உள்ளே வைத்து வெளியே தள்ளச் சொல்வார்கள். பெரும்பாலோர் ஓரிரு நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள். என்னால் முடியவில்லை.

சிகிச்சைக்குப் பெயர் பயோஃபீட்பேக். தசை இறுகுவதும் தளர்வதும் திரையில் தெரியும். அதைப் பார்த்தபடி, வயிற்றால் மூச்சு விட்டு, கீழே தளர்த்தித் தள்ளப் பழக வேண்டும். சில வாரம் போனேன், வீட்டிலும் பழகினேன். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலடியில் ஒரு குட்டி ஸ்டூல் வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க, சற்று முன்னால் சாய்ந்து உட்காரச் சொன்னார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரவும் கூடாது. முழுக் குணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரை பாதியாகக் குறைந்தது, செய்தித்தாளை இப்போது கூடத்தில்தான் படிக்கிறேன்.

பிரான்சில் பிரசவமான பெண்களுக்கு இந்தத் தசைகளுக்கான பயிற்சியை அரசுக் காப்பீட்டிலேயே தருகிறார்கள். அங்கே மகளோ மருமகளோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், சாதாரணமாகச் சொல்வார்கள். நம் வீட்டுப் பெண்களோ டாக்டரிடம்கூடச் சொல்லாமல் அடக்கிக்கொள்கிறார்கள். இந்தத் தொல்லை அவர்களுக்குத்தான் அதிகம்.

மருத்துவர்களுக்கு என் வேண்டுகோள்: வயதைக் காரணம் சொல்லுமுன் விரலால் ஒருமுறை சோதியுங்கள். நம்மவர்களுக்கு: கூச்சப்பட்டு அதை மறுக்காதீர்கள். ரத்தம் போனாலோ, எடை குறைந்தாலோ, மலப் பழக்கம் திடீரென மாறினாலோ ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

நாளை மாலை பெஞ்சில் நானே பேச்சை ஆரம்பிக்கிறேன். யார் சிரித்தாலும் சரி.